தெருவெல்லாம் நீலம்

"கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? வெள்ளைச் சட்டைய்யா இது! மைப்புட்டியில முக்கி எடுத்த மாதிரி இருக்கு!"

லாண்டரிக்காரரைச் சுற்றி நின்று தெருவே கத்தியது. கொடியில் தொங்கிய சட்டை, பேன்ட், தலையணை உறை எல்லாம் திட்டுத்திட்டாய் நீலம்.

"ஏதோ ஒரு சாயத்துணி கலந்துடுச்சுங்க. தப்புதான்." அவர் தலையைச் சொறிந்தார்.

பின்னால் வந்து நின்ற நர்ஸ் கொடியில் ஒரு சட்டையைத் தேடினாள்.

முந்தாநாள் ஊர்வலத்தின் மேல் போலீஸ் நீலச் சாயத்தண்ணீரைப் பீய்ச்சி அடித்திருந்தது. துணியில் நீலம் இருந்தால் போதும், வீடு புகுந்து அள்ளிக்கொண்டு போனார்கள். போனவன் எவனும் திரும்பவில்லை. அவள் தம்பி நனைந்து வந்து கழற்றிப் போட்ட சட்டையை, விவரம் தெரியாத அம்மா லாண்டரி மூட்டையில் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். அதைத் திருப்பி வாங்கத்தான் இவள் ஓடி வந்தாள்.

'பாவி மனுஷா, பார்த்துத் துவைக்கக்கூடாதா? ஊருக்கே தம்பட்டம் அடிச்ச மாதிரி ஆயிடுச்சே!'

ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் கொடியை அண்ணாந்து பார்த்தார். "இதுல எதுய்யா முதல்ல நீலமா வந்தது?"

"தெரியலையே சார்."

"காலர்ல ஆளுக்கொரு குறி போடுவீங்கல்ல? பார்த்துச் சொல்லு."

"குறியும் எல்லாத்துலயும் இருக்கு சார், நீலமும் எல்லாத்துலயும் இருக்கு."

பளார்! இன்னொன்று. உதடு கிழிந்தது.

"நல்லாப் போடுங்க சார்! அரைத் தூக்கத்துல துவைக்கிற ஆளு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"யாரோட சட்டைடா அது?"

"சத்தியமாத் தெரியாது சார். குறி பார்க்காமலே ஊறப் போட்டுட்டேன்." லாண்டரிக்காரர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கை நீட்டினார். "அந்தக் கோடியில தொங்குற மூணும் உங்களுது சார்."

இன்ஸ்பெக்டர் தன் சட்டைகளைப் பார்த்தார். மூன்றும் நல்ல நீலம். பல்லைக் கடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. நர்ஸ் மட்டும் பையிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் உள்ளே போனாள். உதட்டைத் துடைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துவைக்கிற தொட்டிக்குப் பின்னால் நீலச் சாயப் பாக்கெட்டுகள். அத்தனையும் காலி.

"அண்ணே... கலந்துடுச்சுன்னு சொன்னீங்களே?"

"ஒத்தைச் சட்டையில இருந்த நீலம் இத்தனை துணிக்கு ஏறுமா, தாயி?"

"அண்ணே, அந்தச் சட்டை என்னோட..."

அவர் சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"சொல்லாதேம்மா! அவங்க மறுபடி வந்து அடிப்பாங்க. அப்பவும் எனக்குத் தெரியாமலே இருக்கணும்."