இரண்டு இளநீர்

சிறுநீரகம் பழுதான நாள்முதல் பெனிற்றாவுக்கு டயாலிசிஸ்தான் வாழ்க்கை, தண்ணீர்கூட அளந்துதான். போன வருடம் மருத்துவமனை, அவள் உடலுக்கென்றே உருவாக்கிய மூலிகைக் கொடி ஒன்றைக் கொடுத்தது. தூத்துக்குடி வீட்டு மாடியில் அதை வளர்த்து, தினமும் அதன் இலைகளைத் தின்றுவந்தாள்.

இன்று ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "இனி டயாலிசிஸ் வேண்டாம்மா. ஆசைதீரத் தண்ணி குடிங்க" என்றார்.

வெளியே வந்ததும் அவள் சாலையோர இளநீர்க் கடைக்கு ஓடினாள். கணவன் அமலன் பதறி, "ஏ புள்ள, ரெண்டு மடக்கு போதும்" என்றான். அவள் அவனுக்கு முதுகைக் காட்டியபடி கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"அண்ணாச்சி, இவருக்கும் ஒண்ணு வெட்டுங்க. நான் குடிக்க முடியலையேன்னு இவரும் இத்தன வருசமா இளநியத் தொட்டதில்ல."

அமலனுக்குச் சிரிப்பில் முதல் மடக்கே புரையேறியது.