மெழுகு கலையாத பீப்பாய்

ஒயின் போடும் அறையில் இருந்த பெரிய பீப்பாயின் மூடியை அடைத்திருந்த மெழுகு கலையவே இல்லை. ஆனால் தட்டிப் பார்த்தால் பாதி காலி. புருஷன் லூர்துசாமிதான் எப்படியோ குடித்துவிட்டார் என்று பிலோமினா ஒரு மாதமாக அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

இன்று மூடியைத் திறந்தவள் சிலுவை போட்டுக்கொண்டாள். சுவரைத் துளைத்து வந்த வேர் ஒன்று பலகை இடுக்கில் நுழைந்து, ஒயினுக்குள் கூந்தலாய் விரிந்து கிடந்தது. சுவருக்கு வெளியே, மருந்தும் ரசாயன உரமும் காணாத எண்பது வயதுத் திராட்சைக்கொடி. மூன்று வருடமாக மழையில்லை, காய்க்கவும் இல்லை. அதை நாளைக்கு வெட்டுவதாக இருந்தார்கள்.

“நான் தொடலைன்னு எத்தனை தடவ சொன்னேன்!” என்று லூர்துசாமி குரலை உயர்த்தினார்.

உள்ளே ஒரு குமிழி மெல்ல எழுந்து உடைந்தது.

“சத்தம் போடாதீங்க,” என்றாள் பிலோமினா. “குடிச்சுக்கிட்டு இருக்கு.”