முகூர்த்த நேரத்தில் மக்கர்

"நீங்களே ஒரு எட்டு வந்து பாத்தா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று போனில் எரிந்து விழுந்தான் செந்தில்குமார்.

பெரம்பலூரில் மணி ஒன்பதரை. பத்தரைக்குள் செட்டிகுளம் மலைக்கோயிலில் தாலி ஏற வேண்டும். சொந்தபந்தமெல்லாம் வேனில் முன்னாலேயே போயாச்சு. அலங்காரம் முடிய நேரமானதால் கல்யாணப் பொண்ணு சிவரஞ்சனியும் அவள் சித்தி தனமும் மட்டும் பாக்கி. 'என் கார்ல நான் கூட்டிட்டு வரேன்' என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் பக்கத்து வீட்டு செந்தில். சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி.

பெரிய முகூர்த்த நாள். வாடகை வண்டி ஒன்றும் சிக்கவில்லை, மெக்கானிக் எவனும் போனை எடுக்கவில்லை. "இவருக்கு வண்டி வேலை நல்லாத் தெரியும்ணே" என்று சிவரஞ்சனிதான் இந்த ஆளைப் பிடித்தாள். மேற்கொண்டு அவள் சொல்வதற்குள் செந்தில் போனைப் பிடுங்கிவிட்டான்.

அந்த ஆளோ குசுகுசுவென்று பேசினான். ஹாரன் அடிக்கச் சொன்னான்; அது தெருவையே எழுப்பியது. அப்படின்னா பேட்டரி நல்லா இருக்கு என்றான். ஒயரை ஆட்டிப் பார்க்கச் சொன்னான். நடுநடுவே 'ஒரு நிமிஷம்' என்று காணாமல் வேறு போனான். செந்திலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பெண் அவன் நம்பரைத் தேடாமலே அழுத்தியது வேறு உறுத்தியது. பழைய சிநேகம் எதுவும் இருந்து, வேணுமென்றே இழுத்தடிக்கிறானோ?

"ஸ்டார்ட்டர் மோட்டார் மக்கர் பண்ணுதுங்க. ஜாக்கி ராடால அது மேல லேசா தட்டுங்க. தட்டும்போதே சாவியைத் திருகச் சொல்லுங்க."

கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, வெள்ளை வேட்டியோடு செந்தில் பானெட்டுக்குள் தலையை விட்டான். இருந்த எரிச்சலில் லேசாகவா தட்டுவான்? நாலு போடு போட்டான். பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்தபடி சிவரஞ்சனி சாவியைத் திருகினாள்.

கார் உறுமியது.

செந்திலுக்கு உயிர் வந்தது. அத்தனை பேச்சுப் பேசினோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"மனசுல வச்சுக்காதீங்க சார். எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு, கல்யாணத்துக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க."

"நான் ஒரு மணி நேரமா மணமேடையிலதாங்க உக்காந்திருக்கேன். மொதல்ல பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."