சும்மாடு சந்து

மச்சான் திருடன் என்பதில் மேப் கடைக்காரருக்குத் துளியும் சந்தேகமில்லை.

"என் தம்பி அப்படியெல்லாம் செய்ய மாட்டான்" என்ற மனைவியின் முன்னால் இரண்டு மேப்புகளை விரித்துப் போட்டார். ஒன்று, அவர் செருப்புத் தேய ஊரெல்லாம் நடந்து வரைந்தது. இன்னொன்று, மச்சான் புதிதாகப் போட்டது.

"இதோ பார், சும்மாடு சந்து. அவன் மேப்பிலயும் இருக்கு."

"சந்து இருந்தா போடத்தானே செய்வான்?"

"அதான்டி விஷயம். அப்படி ஒரு சந்தே கிடையாது."

மேப் போடுகிறவர்கள் சிலர் செய்கிற தந்திரம் அது. இல்லாத தெரு ஒன்றை நுழைத்துவிடுவார்கள். அடுத்தவன் மேப்பில் அது முளைத்தால் காப்பியடித்தவன் கையும் களவுமாக மாட்டுவான். இவர் மில் சுவருக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ஒரு கோடு இழுத்தார். சும்மா போட்டதால் சும்மாடு சந்து.

மச்சானின் கடையை இழுத்து மூடாமல் விடுவதில்லை என்று குதித்தார். அங்கே சந்தே இல்லை என்று எழுதி வாங்கினால் போதும், கோர்ட்டில் அவன் கதை முடிந்தது. சந்து மேல் சந்தேகம், நேரில் வாருங்கள் என்று நகராட்சி அதிகாரிக்குச் சொல்லிவிட்டு, மச்சானையும் இழுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போனார்.

பொட்டல் நிறையக் குடிசைகள். முனையில் ஒரு தகரப் பலகை: சும்மாடு சந்து. கீழே குழாய். குழாய்க்குப் பின்னால் குடங்களின் வரிசை.

"யாரைக் கேட்டு என் சந்துல குடியிருக்கீங்க?" என்று கத்தினார்.

குடத்தோடு நின்ற பெண் பயந்துகொண்டே சொன்னாள். பிழைக்க வந்தவர்களாம். தண்ணீர் கேட்டு நகராட்சிக்குப் போனால், எந்தத் தெரு என்று கேட்டே விரட்டினார்களாம். பஸ் ஸ்டாண்டில் மாட்டியிருந்த இவருடைய மேப்பில் பார்த்தால், அவர்கள் இடத்துக்குப் பேரே இருந்ததாம். ஓடிப்போய்க் காட்டியதற்கு, ஒரு மேப்பை மட்டும் நம்பிக் குழாய் போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"அப்புறம் இந்தத் தம்பிகிட்ட வந்து அழுதோம். அவர் மேப்பிலயும் போட்டுக் கொடுத்தாரு."

மேப் கடைக்காரர் மச்சானை முறைத்தார். "ஏன்டா, இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"மாமா, நீங்க எங்க பேச விட்டீங்க?"

அதற்குள் அதிகாரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வெயிலில் வந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது. சந்து பொய் என்றால் குழாயை இன்றைக்கே பிடுங்கிவிடுவேன் என்றார்.

"மேப் போட்டவர் நீங்கதானே? சொல்லுங்க, இப்படி ஒரு சந்து உண்டா, இல்லையா?"

மேப் கடைக்காரர் குடங்களின் வரிசையைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தான்.

"உண்டு சார். என் மேப்புல பொய் இருக்காது."

"அப்புறம் எதுக்கய்யா என்னை இந்த வெயில்ல வரவழைச்சீங்க?"

மேப் கடைக்காரருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"இவ்வளவு பெரிய சந்துக்கு ஒத்தைக் குழாய் போட்டா எப்படிப் பத்தும்? அதைக் கேக்கத்தான்."