கழுத்தளவு

ஏழு வயதுப் பிள்ளையின் கழுத்து எவ்வளவு பருமன் இருக்கும், உங்களுக்குத் தெரியுமா? ஓல்ட் என்னும் ஆற்றின் கரையில், மடத்துக் கோபுரத்தில் அடைபட்டிருக்கும் ராணி அங்கெலினாவுக்குத் தெரியவில்லை. சன்னல் வெயில் நகர நகர, முக்காலியையும் கூடவே இழுத்துப் போட்டுக்கொண்டு தைக்கிறாள். மடியில் சின்ன வெள்ளைச் சட்டை. சட்டைக் கைகளில் பூவேலை முடிந்துவிட்டது. கண் படாமல் இருக்க, கழுத்தைச் சுற்றிச் சிவப்பு நூல் ஓட வேண்டும். மகன் இஸ்தான்புல்லில் சுல்தானிடம் பணயமாக இருக்கிறான். அங்கே கப்பம் கொண்டுபோகும் வண்டிகள் நாளைக் காலை கிளம்புகின்றன. விட்டால் அடுத்த வருஷம்தான். கீழே செபத்துக்கு அழைக்க மரப்பலகை தட்டுகிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஊசி தடுமாறுகிறது.

காவல்காரன் மனைவி ஸ்தான்கா தினைக்கூழை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறாள். "என்னம்மா இது, கோழிக்குஞ்சுக்கா தைக்கிறீங்க?"

"என் ரெண்டு கைக்குள்ள அடங்குமே அவன் கழுத்து."

"அது மூணு வருஷத்துக்கு முன்னாடி. நீங்க வர்ற வரைக்கும் வளராம நிப்பானா?"

"அப்ப எவ்வளவு வைக்க? உன் புருஷனக் கூப்பிடு, அவன் கழுத்துல பாதி வச்சுப் பார்க்கிறேன்."

"அது எருமைக் கழுத்தும்மா. பாதியே உங்க இடுப்பளவு வரும்."

அங்கெலினா சிரிக்கவில்லை. தைத்ததைப் பல்லால் கடித்துப் பிரிக்கிறாள். நூலைத் தன் கழுத்தில் சுற்றுகிறாள், பிறகு மணிக்கட்டில் இரண்டு சுற்று, பிறகு காற்றில் வட்டமாகப் பிடித்துப் பார்க்கிறாள். வட்டம் பெரிதாகிறது, சிறிதாகிறது. கூழ் ஆறி, மேலே ஏடு படிகிறது. வெயில் சுவரேறிவிட்டது.

மறுநாள் காலை சட்டை வண்டியில் போனது. கழுத்து தைக்காமல் இருந்தது.