இருபத்திரண்டு நிமிடம்

தவமணி தரையில் மண்டியிட்டு, ஹப்பில் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

ஊதினார். மறுபடி சொருகினார்.

விளக்கு எரியவில்லை.

கீழ்த்தளத்தில் எடுத்த தலை ஸ்கேன் மாடிக்கு, ஆபரேஷன் தியேட்டரின் திரைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு வழி ஹப் என்ற அந்தச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றுதான். பதினேழு வருடப் பழசு.

சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரை மேலே மேசையில் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் கையுறையோடு காத்திருந்தார்.

ஸ்கேன் எடுத்த ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள். பத்து வருடமாக அவரோடு வேலை பார்ப்பவள்.

"தவமணி சார், மேலேருந்து மூணாவது தடவையா கூப்பிடுறாங்க."

ஒரு ஒயரைச் சாய்த்து விரலால் அழுத்திப் பிடித்தார். பச்சை விளக்கு எரிந்தது. கடைசிப் படம் போய்ச் சேரும்வரை விரலை எடுக்கவில்லை.

இருபத்திரண்டு நிமிடம் போயிருந்தது.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து கொத்தனாரின் மனைவி மரகதத்திடம் சொன்னார். "உயிருக்குப் பயமில்லைம்மா. வலது கை பழையபடி வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மிஷின் நின்றுபோனதையும் அதை ஓட வைத்தது யார் என்பதையும் ஒரு நர்ஸ் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். மரகதம் தவமணியைத் தேடி வந்து கை கூப்பினாள்.

"நீங்க இல்லீனா எங்கூட்டுக்காரரு போயிருப்பாருங்க. நீங்க நல்லாருக்கோணும் சாமி."

அவர் தலையை ஆட்டினார்.

ஆட்டிவிட்டோமே என்று அப்புறம் கூசிப்போனார்.

அவருடைய பீரோவின் கீழ்த்தட்டில், அந்தப் பழைய ஹப்புக்குப் பதிலாக மாட்ட வேண்டிய புது ஸ்விட்ச் இருந்தது. அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாங்கிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது.

அதை மாட்டுவதற்கு முன் கம்ப்யூட்டரில் ஏதேதோ அமைக்க வேண்டும். அவருக்குத் தெரியாது. தெரியாது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. மேனேஜர் கேட்கும்போதெல்லாம், "பழசே நல்லா ஓடுது சார்" என்பார்.

சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.

இப்போது அந்தப் புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் ரோஸ்லினின் மேசையில் வைத்தார்.

"இதை எனக்கு மாட்டத் தெரியாதும்மா."

அவள் சிரிக்கப் போனாள். அதற்குள் பெட்டிமேல் ஒட்டியிருந்த தேதி கண்ணில் பட்டது.

வெளியே வராந்தாவில் மரகதம் ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள். குரல் அறைக்குள் கேட்டது.

ரோஸ்லின் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"உட்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை.

கதவைத் திறந்து வெளியே போனார். மரகதம் பேசி முடிக்கட்டும் என்று அவள் எதிரே காத்து நின்றார்.