ஏழேகால் மணிச் செய்தி

“அன்னிக்கே அந்த ஸ்கைலாப் நம்ம தலையில வுழுந்து தொலைஞ்சிருந்தா, இன்னிக்கு இந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல குந்திக்கிட்டுக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.”

சாலம்மாள் இதை நாற்பத்தாறு வருஷமாகச் சொல்கிறாள். போர்வெல்லில் தண்ணீருக்குப் பதில் புகை வந்த அன்றைக்கும் சொன்னாள், கறவை மாடு செத்த அன்றைக்கும் சொன்னாள். அடுத்து என்ன வரும் என்று நஞ்சப்பனுக்குத் தெரியும்.

“எங்க மாமனைக் கட்டியிருந்தா பெங்களூருல மாடி வூட்ல இருந்திருப்பேன்.”

வந்துவிட்டது. நஞ்சப்பனின் இதய ஆபரேஷனுக்குக் காலை ஏழு மணிக்கே வரச் சொன்னார்கள். பத்தரை ஆகியும் கூப்பிடவில்லை. பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாதாம்.

சாலம்மாள் ரிசப்ஷன் பக்கம் பார்த்துக் கன்னடத்தில் முணுமுணுத்தாள். ஆத்திரம் வந்தால் அவளுக்கு அம்மா வழிக் கன்னடம் வந்துவிடும்.

ஒருவழியாக நர்ஸ் சுசித்ரா வந்தாள். உடம்பில் வெள்ளி, தங்கம் எது இருந்தாலும் கழற்றிக் கூட வந்த அம்மாவிடம் கொடுத்துவிடச் சொன்னாள். இன்னும் பத்து நிமிஷத்தில் கூப்பிடுவார்களாம்.

வெள்ளி அரைஞாணைக் கழற்றி மனைவியின் கையில் கொடுத்தபோதுதான் நஞ்சப்பனுக்கு அந்த இன்னொரு பாரத்தின் நினைப்பு வந்தது. அதைச் சுமந்துகொண்டு உள்ளே போக அவருக்குப் பயமாக இருந்தது. சொன்னால் இவள் எழுந்து பென்னாகரம் பஸ் ஏறிவிடுவாளோ என்று அதற்கு மேல் பயமாக இருந்தது.

“சாலா, ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடாத. நம்ம கல்யாணத்தன்னிக்கு நடந்தது.”

கல்யாணமா அது. எழுபத்தொன்பது ஜூலையில், அமெரிக்காக்காரன் வானத்தில் விட்ட ஸ்கைலாப் விண்வெளி நிலையம் பழுதாகி எங்கேயோ விழப்போகிறது என்றார்கள். அந்த எங்கேயோ தங்கள் ஊர்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. சாகிறவனுக்கு ஆடு எதற்கு, கோழி எதற்கு என்று ஒரு வாரம் வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு.

சாலம்மாளின் அப்பா தீர்த்தகிரிக்கு மட்டும் கறி இறங்கவில்லை. கல்யாணமாகாத பெண் செத்தால் ஆவியாக அலையும் என்பார்களே, அந்தக் கவலை. அவளுக்குப் பேசி வைத்திருந்த தாய்மாமன் சந்திரமோகன் பெங்களூர் மில்லில் இருந்தான். ஆவணியில்தான் முகூர்த்தம். ஸ்கைலாப் ஆவணி வரை காத்திருக்குமா?

கைக்கெட்டிய மாப்பிள்ளை பக்கத்துக் காட்டு நஞ்சப்பன்தான். போன வருஷம் பெண் கேட்டு வந்தபோது, அரை ஏக்கர்க்காரனுக்குப் பெண்ணா என்று விரட்டியிருந்தார். இப்போது அவரே தேடி வந்தார். ஒரு நாள் குடித்தனத்துக்கு அரை ஏக்கர் போதும் என்று நினைத்திருப்பார். மறுநாள் காலை எட்டு மணிக்கு மாரியம்மன் கோயிலில் தாலி.

“அன்னிக்கு ஏழேகாலுக்கு வெத்தலை வாங்க மாது டீக்கடைக்குப் போனேன். ரேடியோவுல செய்தி. அது ராத்திரியே ஆஸ்திரேலியா பக்கம் கடல்ல வுழுந்துடுச்சாம்.”

சாலம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

நஞ்சப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். கடையில் மாதுவைத் தவிர யாருமில்லை. விருந்துக்கு வைத்திருந்த ஒரே சேவலை அவன் கையில் கொடுத்து, தாலி கட்டும் வரை ரேடியோவை அணைத்துவைக்கச் சொல்லிவிட்டு ஓடி வந்தார். தாலி ஏறி அரை மணி கழித்துத்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. தீர்த்தகிரி தலையில் கைவைத்துக் கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வானத்திலிருந்து விழுந்த ஒரே ஆள் அவர்தான்.

“உங்கூட்டு ரேடியோ வேற முந்தின நாள் பூரா அலறிட்டு, கோயிலுக்குத் தூக்கிட்டு வந்ததும் மக்கர் பண்ணுச்சு. இல்லாட்டி நான் மாட்டியிருப்பேன். சாமியே நம்ம பக்கம்னு நெனைச்சுக்கிட்டேன். ஆனா நீ மாடி வூடு மாடி வூடுன்னு சொல்றப்பல்லாம் சுருக்குனு இருக்கும் சாலா. உனக்கு வர வேண்டிய வாழ்க்கையை நான் திருடிட்டேன்.”

சுசித்ரா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நஞ்சப்பன் ஏறி உட்கார்ந்தார்.

“திட்டவாவது திட்டிடு. அப்படியே உள்ள அனுப்பாத.”

சாலம்மாள் அரைஞாணைச் சேலை முந்தியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். குனிந்து, அவர் முதுகில் அவிழ்ந்து கிடந்த ஆஸ்பத்திரி அங்கியின் நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

“உங்க ஏழேகால் செய்திக்கு முன்னாடியே பெங்களூர் ரேடியோ ஸ்டேஷன்காரன் கன்னடத்துல சொல்லிட்டானுங்க. வூட்ல எல்லாரும் கோயில்ல பொங்கல் வைக்கப் போயிருந்தாங்க, நான் மட்டுந்தான் இருந்தேன். பேட்டரிக் கட்டையை உருவி ராகிப் பானைக்குள்ள போட்டுட்டுத்தான் கல்யாணச் சேலையே கட்டினேன்.”